கதவடியில் ஒரு மணி

நாய்க்குட்டியொன்றைப் பற்றி இலக்கிய ஏடொன்றிலே எழுதப் புகுவதைக் கண்டு நகைக்கும் அன்பர்கள் இருக்கக்கூடும். நாட்டிலே எழுதுவதற்கு வேறு பொருளா இல்லை என்று அவர்கள் வினவுவார்களாயின், அவ்வினா நியாயமானதே. ஆயினும், ஆசிரியத் தொழிலிலே பத்தாண்டுகளுக்கு மேலாக ஈடுபட்டிருக்கும் எமக்கு, எந்தப் பயிற்சிக் கலாசாலையும் கற்பிக்காத பாடமொன்றை நான்கு மாதமும் நிரம்பாத ஒரு நாய்க்குட்டி கற்பித்தது. அப்பாடத்துக்குரிய விலையை நாம் கொடுக்கவில்லை. எமது வகுப்பிலே பயிலும் ஒரு சிறுமி கொடுத்தாள். அதனை மறைத்துவிட்டு வேறு பொருள் தேடி எழுதுதல் நேர்மையாகாது என்று கருதியே இதனை எழுதுகின்றோம்.

நாம் வசிப்பது வெள்ளவத்தையிலே தொடர்மாடிக் கட்டடமொன்றின் இரண்டாம் மாடியில். ஐப்பசி மழை விடாது பெய்த மாலையொன்றிலே, தாயுடன் கடைக்குப் போய்த் திரும்பிய எம் மகள், புகையிரதப் பாதையோரத்துக் கானருகே நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த கறுப்புக் குட்டியொன்றைத் தன் மழைச்சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து சேர்த்தாள். மறுநாள் பார்த்த மிருக வைத்தியர் அதற்கு எட்டு வாரமளவில் வயதிருக்கும் என்றார். பெரியவரின் ஒரு கைக்குள் அடங்கிவிடும் அவ்வுருவத்துக்கு எம் மகள் வீமன் என்று பெயர் சூட்டினாள்.

யாழ்ப்பாணத்துக் கிராமத்திலே எமது சிறு பராயத்தில் நாய்கள் வளர்ந்தன. அவற்றை எவரும் பழக்கியதில்லை. பழக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. வளவு முழுவதும் வெளியாகவே கிடந்தது. கிடுகு வேலியின் அடியிலே நாய் போய்வருவதற்கென்று ஒரு பொட்டு எப்பொழுதும் இருக்கும். படலையைப் பூட்டினாலும் அந்தப் பொட்டைப் பூட்டுவார் இல்லை. மாடி வீட்டின் நிலை வேறு. அங்கே வெளியேறுவதற்கு ஒரே கதவு. அதன் கைபிடியோ குட்டியின் தலைக்கு மேலே மூன்றடி உயரத்தில் உள்ளது. மலசலம் கழிக்கச் செல்வதை வெளிக்குப் போதல் என்று எம்மவர் வழங்குவர். அச்சொல்லின் முழுப் பொருளையும் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்ற குட்டியைக் கண்டபோதே நாம் உணர்ந்தோம். போகவேண்டும் என்ற உணர்வு அதற்கு உண்டு; போவதற்கு இடமும் கீழே, மதிலோரத்து முருங்கை மரத்தடியில், இரண்டு பாய் அகல மண்ணாக உண்டு. இரண்டுக்கும் இடையில் நின்றது கதவு. கதவைத் திறக்கும் அதிகாரம் எம் கையில் இருந்தது.

முதல் வாரத்திலே நாம் செய்தவை யாவும் பிழையானவை. தரையிலே ஈரத்தைக் கண்டபோதெல்லாம் குட்டியைத் தூக்கி வந்து, அதனைக் காட்டி, சுருட்டிய பத்திரிகையால் நிலத்தில் அடித்து அதட்டினோம். கீழ்மாடியில் வசிக்கும் ஆச்சி ஒருவர், ஊர்ப்பற்று மிகுந்தவர், படிக்கட்டிலே எம்மைக் கண்டு ஆலோசனை கூறினார்.

"தம்பி மாஸ்ரர், அதின்ரை மூக்கைப் பிடிச்சு அதிலையே தேய்ச்சு விடும். ரெண்டு நாளிலை தானாப் பழகிப்போம்."

அதனையும் ஒருமுறை செய்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம். பலன் விரைவிலேயே தெரிந்தது. விறாந்தையும் மண்டபமும் உலர்ந்தே இருந்தன. வெற்றி பெற்றுவிட்டோம் என்று மகிழ்ந்திருந்த மூன்றாம் நாள், அகராதித் தொகுதிகள் அடுக்கிய அலுமாரியின் பின்புறத்திலிருந்து நாற்றம் எழுந்தது. வீட்டை அசுத்தப்படுத்தலாகாது என்று நாம் கற்பித்ததாக எண்ணியிருந்தோம். மனிதர் காணும் இடத்தில் அது நிகழலாகாது என்பதையே குட்டி கற்றிருந்தது. அதனினும் மோசமான விளைவொன்றும் இருந்தது. கீழே மண்தரைக்குக் கொண்டுசென்றாலும், நாம் அருகில் நிற்கும்வரை குட்டி எதுவும் செய்யாது. எம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். மாடிக்குத் திரும்பியதும் அலுமாரிக்குப் பின்னால் ஓடிவிடும்.

மிருக வைத்தியரிடம் முறையிட்டோம். அவர் எம்மைக் கண்டித்தார்; பின்பு விளக்கினார். பிறந்து மூன்று வாரமளவும் நாய்க்குட்டி தானாக மலசலம் கழிக்கமாட்டாது. தாய் அதன் வயிற்றுப் பகுதியை நாவினால் நக்கித் தூண்டிவிடும். கழிவையும் தானே அகற்றிவிடும். நடக்கத் தொடங்கியதும் குட்டி தான் உறங்கும் இடத்தை விட்டு விலகிச் சென்று கழிக்கும். ஆகவே சுத்தமாய் இருக்கவேண்டும் என்ற நாட்டம் அதற்குப் பிறவியிலேயே உண்டு. இல்லாதவை இரண்டு. ஒன்று, அடக்கிக்கொள்ளும் உடல் வலிமை. மற்றையது, கதவு திறப்பவருக்கு அறிவிக்கும் வழி. முன்னதைக் காலம் தரும். பின்னதை வளர்ப்பவர் தரவேண்டும். மாதக் கணக்கிலே குட்டியின் வயது எவ்வளவோ, அதனோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணித்தியாலங்களே அது தாங்கக்கூடிய உச்ச எல்லை என்பது பழக்குவோர் கொள்ளும் ஒரு பொதுக் கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு அது மூன்று மணித்தியாலம். ஓடி விளையாடும் வேளையில் அதுவும் இல்லை.

அவர் கூறியவாறே ஒழுங்கொன்றை வகுத்தோம். உறங்கி எழுந்ததும், உணவு உண்டு கால் மணி நேரம் கழிந்ததும், விளையாடி ஓய்ந்ததும், இரவு நாம் படுக்கைக்குச் செல்லுமுன்னும், நள்ளிரவில் ஒருமுறையும் குட்டியைக் கீழே கொண்டுசென்றோம். ஒவ்வொரு முறையும் அதே முருங்கை மரத்தடிக்கே சென்றோம். அங்கே கழித்ததும், அவ்விடத்திலேயே, அந்த நொடியிலேயே ஒரு துண்டு அவித்த மீன் கொடுத்தோம். மாடிக்கு வந்து கொடுத்தால் எதற்காகக் கொடுத்தோம் என்பது அதற்கு விளங்காது. வீட்டுக்குள்ளே பிழை நேர்ந்தால் வாய் திறவாது துடைத்தோம். அமோனியா கலந்த திரவங்களால் தரையைக் கழுவுதல் ஆகாது. சிறுநீர் சிதைவுற்று வரும் மணமும் அதுவே ஆதலால், அந்த இடத்தைக் குட்டி தனக்குரியதென்றே எண்ணிக்கொள்ளும். வினாகிரி கலந்த நீரே நன்று.

ஒழுங்கு நிலைபெற்ற பின்னரே மணியைக் கட்டினோம். எம் அம்மாவின் பழைய பெட்டகத்துள் கிடந்த கன்றுக்குட்டியின் கழுத்து மணி அது. அதன் ஓசைக்குக் குட்டி முதலில் அஞ்சி ஓடியது. ஆகவே நாவிலே துணியைச் சுற்றி ஓசையைக் குறைத்தோம். மணியைக் கையில் ஏந்தி அதன் மூக்கருகே காட்டினோம். முகர்ந்து தொட்டபோதெல்லாம் ஒரு துண்டு மீன் கிடைத்தது. அச்சம் நீங்கிய பின் துணியை அகற்றி, கதவின் ஓரத்திலே அதன் மூக்குயரத்தில் மணியைத் தொங்கவிட்டோம். கீழே கொண்டுசெல்லும் ஒவ்வொரு வேளையிலும் அதனைத் தொடச் செய்தே கதவைத் திறந்தோம். தொட்டதும் ஓசை, ஓசையெழுந்ததும் கதவு திறக்கும், கதவு திறந்ததும் முருங்கை மரத்தடி. இதில் ஒருமுறையேனும் தவறலாகாது.

உளவியலிலே சிறிது பயிற்சியுள்ளவர்கள் இவ்விடத்தில் இரசிய அறிஞர் பாவ்லொவ்வை நினைவுகூரக்கூடும். சமிபாடு பற்றிய ஆய்வுகளுக்காக 1904 இல் நோபல் பரிசு பெற்ற அவர், ஒலி முதலான குறிகளை நாய்க்கு உணர்த்தி, அவற்றைக் கேட்ட மாத்திரத்திலே அதன் வாயில் உமிழ்நீர் ஊறச் செய்தவர். ஆனால், எம் வீட்டுக் கதை அதனின் வேறானது. 1898 இல் அமெரிக்க அறிஞர் தோண்டைக் என்பார் பூனைகளைப் பெட்டியில் அடைத்து வைத்துச் செய்த சோதனைக்கே இது நெருங்கியது. வெளியேற முயன்று பலவாறு புரண்ட பூனை, தற்செயலாகக் கயிற்றை இழுத்தபோது கதவு திறந்தது. பலமுறை அடைபட்டபின், பூனை வீணே புரளாது கயிற்றையே நாடியது. பாவ்லொவ்வின் நாய்க்கு ஆய்வாளர் குறி கொடுத்தார். நாயின் உடல் விடையளித்தது. எம் வீட்டிலே குறி கொடுக்கவேண்டியது நாய், விடையளிக்கவேண்டியவர்கள் நாம்.

மணி கட்டிய பதினோராம் நாள் இரவு இரண்டு மணியளவில், இருளிலே மெல்லிய ஓசையொன்று கேட்டது. கனவோ என்று மயங்கிக் கிடந்தோம். மீண்டும் கேட்டது. எம் துணைவியார் எம்மைத் தட்டியெழுப்பி, "இஞ்சருங்கோ, மணியடிக்குது" என்றார். விளக்கைப் போட்டபோது, வீமன் கதவடியில் உட்கார்ந்து எம்மை நோக்கியிருந்தான். சாரத்தை இறுக்கிக்கொண்டு மழையிலே கீழே இறங்கினோம். முருங்கை மரத்தடியிலே, எம் கண் முன்னாலேயே, அச்சமின்றிக் கழித்தான். அந்த நள்ளிரவில் எமக்கு உண்டான மகிழ்ச்சியை, எம் மாணவர் திறமைச் சித்தி பெற்றபோதுகூட அனுபவித்ததில்லை.

அதன் பின்னரும் சோதனை இருந்தது. மணியடித்தால் கதவு திறக்கும் என்று கண்டுகொண்ட குட்டி, விளையாடுவதற்காகவும் அடிக்கத் தொடங்கியது. சில நாள்களில் மணித்தியாலத்துக்கு நான்கு முறை அடித்தது. கேளாதவர் போல் இருந்துவிடலாமா என்று வைத்தியரிடம் கேட்டோம். அவர் மறுத்தார். கழுத்து வாரைப் பூட்டி மரத்தடிக்கே கொண்டுசெல்லுங்கள்; ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள்; விளையாட்டு எதுவும் வேண்டாம்; பின்பு திரும்பி வாருங்கள் என்றார். வீண் மணி தானாகவே குறைந்துவிடும். ஆனால், பொய்யென்று எண்ணி ஒரு மணிக்கு விடையளிக்காது விட்டால், மெய்யான வேளையிலும் அது அடிப்பதை விட்டுவிடும். மீண்டும் அலுமாரிக்குப் பின்னால் போய்விடும். இரண்டு வாரத்தில் வீண் மணி ஓய்ந்தது. உண்மையில், நாயைப் பழக்கிய அந்த ஒரு மாதத்தில் மணியோசைக்கு எழுந்து நடக்கப் பழகியவர்கள் நாமே.

இவ்வளவும் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்திலேதான் எம் வகுப்பறையில் அது நடந்தது.

தரம் 8 மாணவருக்கு, இடைவேளைக்குப் பிந்திய பாடத்திலே, இடக்கரடக்கல் என்னும் வழக்கை விளக்கிக்கொண்டிருந்தோம். சபையிலே சொல்லத்தகாதவற்றை வேறு சொல்லால் மறைத்துச் சொல்லுதல் அது. நன்னூலார் இதனைத் தகுதி வழக்கினுள் வைத்தார். மலசலம் கழித்து வருவதைக் கால் கழுவி வருதல் என்று சொல்லும் மரபை எடுத்துக் காட்டினோம். பசுவைக் குறிக்கும் சொல்லோடு அதன் மலத்தைக் குறிக்கும் சொல் புணரும் விதியைக் கூறவந்த தொல்காப்பியர், அச்சொல்லை வாய்விட்டுக் கூறாது அதன் எழுத்துக்களை மாத்திரம் பெயர் சுட்டிச் சென்ற நயத்தையும் வியந்து விரித்தோம். எம் விளக்கம் எமக்கே இனித்தது. அவ்வேளையில் மூன்றாம் வரிசையிலிருந்த மாணவியொருத்தி எழுந்தாள்.

"சேர், தண்ணி குடிச்சிட்டு வரட்டோ?"

"இடைவேளையிலை குடிக்காமல் என்ன செய்தனீர்? இரும், பாடம் முடியட்டும்."

சிறிது நேரத்தின் பின் மறுபடியும் எழுந்து அதையே கேட்டாள். நாம் கையை அசைத்து அமர்த்திவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம்.

மணியடித்ததும் வகுப்பு கலைந்தது. அவள் மட்டும் எழவில்லை. அவளது தோழி தன் புத்தகப் பையை அவள் முன்னால் பிடித்துக்கொண்டு, எம்மை நேரே பாராது நின்றாள். வாங்கின் கீழே சீமெந்துத் தரை நனைந்திருந்தது. இரு பையன்கள் வாசலிலே நின்று சிரித்தார்கள். அவர்களைத் துரத்தினோம், பெண் ஆசிரியை ஒருவரை அழைத்தோம், அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாது ஓய்வறைக்குச் சென்று உட்கார்ந்தோம். அடுத்து வந்த நான்கு நாள்களும் அவள் பாடசாலைக்கு வரவில்லை.

அன்று மாலை பயிற்சிக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். கதவடியில் மணி ஒலித்தது. சிவப்புப் பேனையை மூடவும் மறந்து எழுந்து ஓடினோம். படிக்கட்டின் பாதியிலே கால்கள் நின்றுவிட்டன. இடக்கரடக்கலுக்கு இலக்கணம் கூறிய நாம், எம் கண் முன்னே ஒரு பிள்ளை அதே இடக்கரடக்கலை இருமுறை வாய்திறந்து வழங்கியபோது விளங்கிக்கொள்ளவில்லை. நாயின் ஓசைக்குப் பொருள் தெரிந்த எமக்குத் தமிழுக்குப் பொருள் தெரியாது போயிற்று.

பழைய நினைவொன்றும் அப்போது எழுந்தது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் செம்மணி வழியாகத் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, ஆறு வயதுப் பிள்ளையாகத் தாயின் கையைப் பற்றி நாமும் அந்தக் கூட்டத்திலே இருந்தோம். மழை, இருள், முன்னும் பின்னும் நகரமுடியாத மக்கள் நெருக்கம். திசையெல்லாம் வெளியாகவே இருந்தது. வெளிக்குப் போக ஓரிடமும் இருக்கவில்லை. நாம் அழுதபோது, முன்பின் அறியாத பெண்கள் சிலர் மூட்டைகளை இறக்கிவைத்து, முதுகைத் திருப்பி வட்டமாக நின்று மறைப்புக் கொடுத்தார்கள். உயிர் தப்ப ஓடிய அந்த வேளையிலே அவர்களால் இயன்றது, மின்விசிறி சுழலும் வகுப்பறையிலே எம்மால் இயலவில்லை.

நான்காம் நாள் மாலை மாணவியின் வீட்டுக்குச் சென்றோம். ஆசிரியர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எம் சமூகத்தில் வழக்கமில்லை. கேட்டோம். அவள் கதவின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், பதில் கூறவில்லை. தாய்தான் பேசினார். அவர் புடைவைக் கடையொன்றில் விற்பனையாளராக நின்று வேலை செய்பவர்.

"பிள்ளை காலமை தண்ணியே குடிக்கிறேல்லை சேர். பள்ளிக்கூடத்திலை பொம்பிளைப் பிள்ளையளின்ரை கக்கூசுக்குக் கொண்டி இல்லையாம். பத்து மணிக்குப் பிறகு தண்ணியும் வராதாம். இடைவேளை முழுக்க வரிசையிலை நிண்டிட்டு வந்திடுவாளாம். நாங்களும் கடையிலை அப்பிடித்தானே. பின்னேரம் மட்டும் அடக்கிக்கொண்டு நிக்கிறது பழகிப்போச்சு."

பழகிப்போச்சு என்ற அச்சொல் எம்மைச் சுட்டது. கீழ்மாடி ஆச்சியும் குட்டியைப் பற்றி அதையேதான் சொன்னார். அடக்கிப் பழகுவதால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வருமென்பதையும், நீரருந்தாதிருத்தல் அவற்றைப் பெருக்குமென்பதையும் வைத்தியர்கள் சொல்லி அலுத்துவிட்டார்கள். ஆனால், கதவு திறக்கும் அதிகாரம் பிறர் கையில் இருக்கும்போது அடக்குவதையன்றி வேறெதைப் பழகுவது? எமது மலையகத்திலே கொழுந்து பறிக்கும் பெண்கள், மலசலகூடமில்லாத மலைச்சரிவுகளிலே காலை முதல் மாலைவரை இதையே பழகியிருக்கிறார்கள். அவர்கள் பறித்த தேயிலையைத்தான் இடைவேளைதோறும் நாம் ஓய்வறையில் அருந்துகின்றோம்.

பழகிப்போகலாகாது என்று எழுந்தவர்களும் இருக்கிறார்கள். கேரளத்திலே, கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைகளிலே வேலை செய்த பெண்கள், கழிப்பிடமின்றி, நீரருந்தாது, நாள் முழுவதும் நின்றே வேலை செய்தனர். தையற் தொழிலாளியான விஜி என்பவரின் முன்முயற்சியில் அவர்கள் ஒன்றுகூடினர். கழிப்பிடம் வேண்டும் என்று தொடங்கிய அக்குரல், உட்காரவும் உரிமை வேண்டும் என்று விரிந்தது. 2018 இல் கேரள அரசு அதற்கெனக் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021 இல் தமிழ்நாடும் கடைத் தொழிலாளருக்கு இருக்கை வழங்கச் சட்டம் செய்தது. நீரும் சுகாதார வசதியும் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 யூலை 28 ஆம் நாள் தீர்மானித்திருந்தது. எனினும், மிட்டாய்த் தெருவுக்கு வழி பிறந்தது அங்கேயே நின்று வேலை செய்த பெண்கள் வாய் திறந்தமையால் என்பதை மறத்தலாகாது.

குறி, விடை, இடம் ஆகிய மூன்றும் வேண்டும் என்பதே நாய்க்குட்டி எமக்குக் கற்பித்தது. வீமனுக்கு மணியைக் கட்டிவிட்டு நாம் எழாது இருந்திருந்தாலும், எழுந்து கதவைத் திறந்தபின் முருங்கை மரத்தடி இல்லாது போயிருந்தாலும், பயிற்சி பாழாகியிருக்கும். எம் மாணவியருக்கு இடமும் இல்லை, விடையும் இல்லை. குறி கொடுக்கும் துணிவையும் நாம் பறித்துக்கொண்டிருந்தோம்.

அதிபரிடம் பேசினோம். பெற்றோர் சிலரும் சேர்ந்தார்கள். இரண்டு கதவுகளுக்குக் கொண்டி பூட்டவும், நீர்க்குழாயைத் திருத்தவும், வாளிகள் வாங்கவும் ஒரு சனிக்கிழமை போதுமானதாக இருந்தது. ஆண்டுக்கணக்காகச் செய்யாது விட்ட வேலை அது. எமது வகுப்பு வாசலில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டோம். வெளியே போகவேண்டிய பிள்ளை எழுந்து, எவரையும் கேளாது, அதனை எடுத்துச் சென்று, திரும்பி வந்து மாட்டிவிடலாம். சக ஆசிரியர் ஒருவர் நகைத்தார்.

"இனிப் பாருமன், எல்லாரும் ஊர் சுத்தப் போவினம்."

முதல் வாரம் அவர் சொன்னவாறே நடந்தது. மரத்துண்டு கொழுக்கியில் தங்கவே இல்லை. நாம் எதுவும் கூறவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு பாடத்துக்கு ஒருவர் போனாலே அதிகம்.

அம்மாணவி திரும்பி வந்துவிட்டாள். மேசையிலே தண்ணீர்ப் போத்தல் ஒன்று இருக்கிறது. இடைவேளை முடியும்போது அது பாதியாகக் குறைந்திருப்பதைக் கவனித்திருக்கின்றோம். ஆனால், மூன்றாம் வரிசையை விட்டுப் பின்வரிசைக்குப் போய்விட்டாள். மரத்துண்டை அவள் இன்னும் ஒருமுறையேனும் எடுக்கவில்லை. வேறு ஆசிரியரின் பாடங்களில் எடுக்கிறாள் என்று கேள்வி. அதில் வியப்பில்லை. மூக்கைத் தேய்த்த ஒரே ஒரு நாளுக்காக வீமன் எம் முன்னால் அச்சமின்றி நிற்பதற்கு ஒரு மாதம் எடுத்தது. பிள்ளைக்கு எவ்வளவு காலம் வேண்டுமோ அவ்வளவு காலமும் அம்மரத்துண்டு வாசலிலே தொங்கும்.